நாச்சிமுத்துவின் ஊதா வேட்டி

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

சீடரான நாச்சிமுத்து சர்க்கரை ஆலையில் பாதி ஆயுளைக் காய்ச்சிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆராய்ச்சி செய்ய வந்தவர். இந்த வயதில் படிப்பா என்று ஊர் சிரித்தது. மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீட்டில் இல்லாத நேரம் கூடியதில் அவளுக்கு நிம்மதிதான்.

குருவின் பெயர் தமயந்தி. கல்லூரியின் பின்பக்கம், பழைய சைக்கிள் கொட்டகையைச் சுவரெழுப்பி மாற்றிய ஆய்வுக்கூடம் அவருடையது. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

கூடத்தின் நடுவே ஒரு தொட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். கொஞ்சம் ஆலைக் கழிவுப்பாகை ஊற்றி இளஞ்சூட்டில் வைத்தால், தின்றுவிட்டு அருமையான ஊதாச் சாயம் செய்து கொடுக்கும். சம்பளம் கேட்காது, விடுப்பு கேட்காது. நாச்சிமுத்து அவற்றைக் கன்றுக்குட்டிகளைப் போலப் பார்த்துக்கொண்டார்.

வம்பெல்லாம் அதற்குப் பிறகுதான். தொட்டி நிறையத் தண்ணீர், அதற்குள் சிட்டிகைச் சாயம். பிரித்தெடுக்க வேண்டுமே. எதையும் காய்ச்சி, வற்றவைத்து, உலர்த்திப் பொடியாக்கினால்தான் அது சரக்கு என்பது ஆலைக்காரரின் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. ஆகவே தொட்டியைச் சுடவைத்து நுண்ணுயிர்களை உடைத்துச் சாயத்தை வெளியே வரவைத்தார். வடிகட்டினார். ஸ்பிரிட்டை ஊற்றிச் சாயத்தை அதில் இறக்கினார். ஸ்பிரிட்டைக் காய்ச்சி விரட்டினார். மிஞ்சியதைக் கழுவி, உலர்த்தி, அரைத்தார். கடைசியில் கிடைத்தது ஒரு குங்குமச் சிமிழுக்குள் அடங்கியது. அழகான பொடி, சந்தேகமே இல்லை. ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மறுநாள் காலை நெசவாளர் சங்கத்தார் பார்க்க வருகிறார்கள். நூலுக்குச் சாயமேற்ற இது கட்டுபடியாகாது என்று அவர்கள் கையை விரித்துவிட்டால், தொட்டியைப் பக்கத்து அறையில் காளான் ஆராய்ச்சி செய்பவருக்குக் கொடுத்துவிடுவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். காளான்காரர் அன்றைக்கே டேப்போடு வந்து தொட்டியை அளந்தும் பார்த்துவிட்டுப் போனார். நாச்சிமுத்துவுக்கு ஊர் சிரிப்பது இப்போதே காதில் விழுந்தது.

புதிதாக நுண்ணுயிர் வளர்ந்திருந்த தொட்டியை வழக்கம்போலச் சுடவைத்து ஆறவிட்டு, அவர் குருவிடம் போய் நின்றார்.

"மேடம், வடிகட்டறதுல செலவைக் கொறைக்கறதுங்களா, காய்ச்சறதுலீங்களா, இல்ல ஒலத்தறதுலீங்களா?"

குரு நாற்காலிமேல் கடைக் கவரோடு கிடந்த புது வேட்டியைக் கையில் எடுத்தார்.

"இது உங்களுதுங்களா?"

"ஆமாங்க. நாளைக்குக் கட்டறதுக்கு வீட்டுல எடுத்துக் குடுத்தாங்க. கறை படாம வெச்சுக்கச் சொல்லீருக்காங்க."

குரு கவரைப் பிரித்தார். கரையைத் தடவிப் பார்த்து நல்ல பருத்தி என்றார். பிறகு வேட்டியை உதறி, அப்படியே தொட்டிக்குள் போட்டு, ஒரு கம்பால் அமுக்கினார்.

குருவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நாச்சிமுத்து முடிவு கட்டினார். ஆனால் அதைக் குருவிடமே எப்படிச் சொல்வது.

"மேடம், அது வேட்டிங்க."

"தெரியுதுங்க. வாங்க, டீ குடிச்சுட்டு வரலாம்."

கேன்டீனில் நாச்சிமுத்துவின் டீ ஆறி ஆடை கட்டியது. தொட்டி போவது ஒரு பக்கம், வீட்டுக்குப் போய் வேட்டிக்கு என்ன சொல்வது என்பது இன்னொரு பக்கம். குரு நிதானமாக ஒரு போண்டா சாப்பிட்டார். சட்னி நன்றாக இருக்கிறதென்று இன்னொன்றும் சாப்பிட்டார்.

திரும்பி வந்ததும் நாச்சிமுத்து கம்பால் வேட்டியைத் தூக்கினார். பளிச்சென்று கத்திரிப்பூ நிறம். கூடத்து மூலைக் குழாயடிக்கு ஓடிப்போய் அலசினார். முதலில் கொஞ்சம் ஊதாவாக ஓடிய தண்ணீர் பிறகு தெளிவாகவே ஓடியது. சோப்புப் போட்டுத் தேய்த்தார், கல்லில் அடித்தார். சாயம் அசையவில்லை. பின்னால் தொட்டித் தண்ணீர் கஞ்சித் தண்ணீராய் வெளுத்துக் கிடந்ததை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

கையில் சோப்போடு, அழாத குறையாகக் கேட்டார்.

"இதுலிருந்து சாயத்தை எப்படீங்க மேடம் பிரிச்செடுக்கறது?"

"உங்களுக்குத் தெரியாததுங்களா? ஸ்பிரிட்டுல ஊற வைங்க. காய்ச்சுங்க. ஒலத்துங்க. அரைச்சுச் சிமிழுல போட்டு வைங்க. நாளைக்கு வர்றவங்க வாங்கீட்டுப் போயி, மறுபடி தண்ணீல கரைச்சு, நூலுல ஏத்திக்குவாங்க."

நாச்சிமுத்து வேட்டியைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். சுவரோரம் வரிசையாக நின்ற தன் வடிகட்டி, கொதிகலன், உலர்த்தி, அரைவை எந்திரம் எல்லாவற்றையும் பார்த்தார். சோப்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. அதை எடுக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

ஈர வேட்டியோடு குருவிடம் திரும்பினார்.

"அப்ப, நாளைக்கு அவங்களுக்கு என்னத்தைங்க காட்டறது?"

குரு அவர் கையிலிருந்த வேட்டியை வாங்கிப் பிழிந்து, உதறி, ஜன்னல் கம்பியில் காயப் போட்டார்.

"இதையே கட்டீட்டு வாங்க."