முதுகில் தொங்கும் கதவு

கரூரில் பஸ் கூண்டு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற சாலையில், அந்தப் பட்டறைகளுக்கெல்லாம் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரி பெயர் தமயந்தி. முப்பது வயது. கடைக்குள்ளேயே ஒரு தூளி கட்டி, ஒன்றரை வயதுப் பெண் பிள்ளையை அதில் போட்டுவிட்டு வேலை பார்ப்பாள். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர், பக்கத்தில் தோகை விரித்த மயில், பின்னால் ‘ஒலி எழுப்பவும்’. எல்லாம் அவள் கை வெட்டியதுதான்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும் அங்கே வேறொரு கூட்டம் கூடும். ஜப்பான் கார்ட்டூன்களில் வருகிற உருமாறும் ரோபோ பொம்மைகளைச் சேர்க்கிறவர்கள். மடக்கினால் கார், பிரித்தால் ரோபோ. மடக்கினால் விமானம், பிரித்தால் ரோபோ. ஏழெட்டுப் பேர் ஆளுக்கொன்றைத் துணியில் சுற்றிக் கொண்டு வருவார்கள். கண்ணாடி மேசைமேல் நிறுத்திவிட்டு, சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்கள் மாதிரி முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பேசுவார்கள். பிள்ளை தூங்குவதால் சண்டைகூட மெதுவாகத்தான் நடக்கும்.

தமயந்தியை எல்லாரும் ‘குருவே’ என்று கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்தது. ஒருநாள் ஒருவர் புதுப் பொம்மையோடு வந்தார். எப்படி மடக்குவது என்று சொல்லும் தாள் முழுக்க ஜப்பான் எழுத்து. ஆளாளுக்குத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள். தமயந்தி அந்தத் தாளைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் டீ டம்ளரை வைத்துவிட்டு, பொம்மையைக் கையில் எடுத்தாள். டீ ஆறுவதற்குள் அது விமானமாகிவிட்டது.

அன்றிலிருந்து கேலி போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

நாச்சிமுத்து அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவர். ஐம்பத்தாறு. இருபத்தாறு வருஷம் கரூர்–திருச்சி பஸ் ஓட்டினவர். இடது கண்ணில் பார்வை மங்கியது. இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி தங்கமான மனுஷன். வண்டியிலிருந்து இறக்கி, பஸ் ஸ்டாண்டில் நாற்காலி போட்டு, டைம் கீப்பராக உட்கார வைத்தார். நேரமானதும் விசில் ஊதி வண்டியைக் கிளப்பிவிடுகிற வேலை.

இறங்கிய வாரமே நாச்சிமுத்து காக்கிச் சட்டைகளை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளைச் சட்டைக்கு மாறினார். டீக்கடையில் யாராவது ‘டிரைவரண்ணா’ என்றால் காது கேட்காத மாதிரி நிற்பார். ‘டைம் கீப்பர்’ என்று கூப்பிட்டால்தான் டம்ளருக்குக் கை நீளும்.

அதே வாரம்தான் ஒரு ரோபோ பொம்மையையும் வாங்கினார். பெட்டிக்குள் அது பஸ்ஸாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, தாளில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து ரோபோவாக நிற்க வைத்தார். அப்புறம் ஒரு தடவைகூட அதைத் திரும்ப மடக்கவில்லை.

முன்னாலிருந்து பார்த்தால் ராஜா மாதிரி இருக்கும். பின்னால்தான் வினை. பஸ்ஸின் இரண்டு கதவுகளும் பின்சக்கரங்களும் உள்ளே போக இடமில்லாமல் முதுகில் தொங்கிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் இதற்குத் ‘தொங்கல்’ என்று பெயர். யாருடைய பொம்மையிலாவது தொங்கல் அதிகம் என்று சொல்லிவிட்டால் அவர் வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடமாட்டார்.

திருச்சியில் ஒரு கண்காட்சி வந்தது. பொம்மைகளை ரோபோவாக நிறுத்தி, பின்னால் கண்ணாடி வைப்பார்கள் என்று சொன்னார்கள். முன்பக்கமும் தெரியும், முதுகும் தெரியும்.

நாச்சிமுத்து குருவிடம் கேட்டார்.

“குருவே, இந்தத் தொங்கலுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

தமயந்தி அப்போது ஒருவருடைய ரோபோவின் தளர்ந்த தோளைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். நிறமில்லாத நகப்பூச்சை மூட்டில் ஒரு சுற்றுத் தடவி, வாயால் ஊதினாள்.

“தொங்குனா என்னங்கண்ணா?”

“அசிங்கமா இருக்குதுங்க. ரோபோன்னா ரோபோவா இருக்கோணும். இது பஸ்ஸா, ரோபோவான்னே தெரியலை.”

“அதுகிட்டக் கேட்டீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்துவைத்தார்.

அடுத்த மாதம் வந்தபோது ரோபோவின் முதுகில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கான கோடு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இம்தியாஸ் எட்டிப் பார்த்தான். செல்போன் பழுது பார்க்கிறவன். வாய் சும்மா இருக்காது. அவனுடைய ரோபோவும் ஜப்பான் கார்ட்டூனில் வருவதுதான். ஆனால் துண்டு துண்டாக வாங்கிக் கோத்து நிறுத்துகிற வகை. நிற்கும், கையை நீட்டும், அவ்வளவுதான்.

“என்னோடதைப் பாருங்கண்ணா, முதுகு சிலேட்டு மாதிரி. ஒரு தொங்கல் உண்டா?”

நாச்சிமுத்து தன் ரோபோவின் முதுகைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

தமயந்தி கேட்டாள். “இது எதுவா மாறும், இம்தியாஸ்?”

“இது மாறாதுக்கா.”

“ம்” என்றாள் தமயந்தி.

இம்தியாஸுக்குக் கொஞ்சம் முகம் வாடியது. சமாளித்துக்கொண்டு நாச்சிமுத்து பக்கம் திரும்பினான்.

“வெட்டுனதை எறிஞ்சிடாதீங்க. கதவையும் சக்கரத்தையும் ஒரு டப்பாவுல போட்டு வெச்சிக்கோங்க. பஸ் வேணுங்கறப்ப எடுத்து மாட்டிக்கலாம்.”

நாச்சிமுத்து ஆவலோடு குருவைப் பார்த்தார். “நல்ல யோசனைங்களா?”

“டப்பாவை யார் தூக்கிட்டு நடப்பாங்க?” என்றாள் தமயந்தி. பிள்ளை சிணுங்கியது. தூளிக் கயிற்றை ஒரு இழு இழுத்துவிட்டு ஸ்டிக்கர் வெட்டப் போய்விட்டாள்.

அன்று எல்லாரும் கிளம்பும்போது, வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே இம்தியாஸ் குனிந்து நின்றான்.

“அண்ணா, உங்க வலதுகால் செருப்பு மட்டும் முன்னாடி ஓட்டையாயிருச்சே. இடதுகால் புதுசாட்டம் இருக்குது. ஒத்தைக் காலிலேயா நடக்கறீங்க?”

“பஸ் ஸ்டாண்டுத் தரை சரியில்லைப்பா” என்றார் நாச்சிமுத்து. “எந்தச் செருப்பு போட்டாலும் அப்படித்தான் ஆகுது.”

தமயந்தி உள்ளேயிருந்து அந்தச் செருப்பைப் பார்த்தாள்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூன்றாவது ஞாயிறு. கூட்டம் கூடும் நாள் அல்ல. ஆனாலும் நாச்சிமுத்து வந்தார். ரோபோ துண்டில் சுற்றியிருந்தது. சட்டைப் பையில், செய்தித்தாளில் மடித்து வைத்த ரம்பத் தகடு. இம்தியாஸ் முன்னாடியே வந்து, தன் ரோபோவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான். அது மேசையின் அந்தக் கோடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றது.

நாச்சிமுத்து ரம்பத் தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“முடிவு பண்ணிட்டேனுங்க குருவே. வெட்டிடறேன். உங்ககிட்டச் சொல்லாம வெட்ட மனசு வரலை.”

“ஒருதடவை வெட்டினா இனி பஸ் கிடையாது. தெரியுமில்லீங்க?”

“தெரியுங்க.”

“இந்தப் பொம்மை இப்ப எங்கேயும் வர்றதில்லை. இன்னொண்ணு கிடைக்காது.”

“அதுவும் தெரியுங்க. எனக்குப் பஸ் வேண்டாம். பஸ்ஸு பஸ்ஸுன்னு இருந்ததெல்லாம் போதும். இப்ப ரோபோ. அது முழுசா ரோபோவா நிக்கட்டும்.”

இம்தியாஸ் ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தினான்.

“சரிங்கண்ணா, வெட்டுங்க” என்றாள் தமயந்தி. “அதுக்கு முன்னாடி ஒரே ஒருதடவை அதைப் பஸ்ஸாக்கிக் காட்டுங்க. நான் பார்த்ததேயில்லை.”

நாச்சிமுத்து ரோபோவைக் கையில் எடுத்தார். தோளைத் திருப்பினார். காலை மடக்கப் பார்த்தார். எங்கேயோ இடித்தது. மறுபடி பிரித்தார். நெற்றி வியர்த்தது.

“மறந்து போச்சுங்க.”

“இங்கே கொடுங்க.”

அவள் வாங்கி, ரோபோவின் மார்பை இரண்டாகத் திறந்தாள். தலையை உள்ளே அமுக்கினாள். கைகளைப் பக்கவாட்டில் சேர்த்தாள். கால்கள் மடங்கிப் போய்ப் பின்பக்கமாயின. முதுகில் தொங்கிய இரண்டு தகடுகளும் தாமாகவே வந்ததுபோல் பக்கத்தில் படிந்தன. அவை ஏறும் கதவும் இறங்கும் கதவும். சிவப்புப் பேனாக் கோடு கதவின் ஓரமாக ஓடியது. தொங்கிய சக்கரங்கள் நேராகத் தரைக்கு வந்தன.

மேசைமேல் ஒரு பஸ் நின்றது.

நாச்சிமுத்து அதைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

“இப்ப ரோபோவோட தலை எங்கேங்கண்ணா இருக்குது?” என்று தமயந்தி கேட்டாள்.

“உள்ளே. நடு சீட்டுக்குக் கீழே.”

“பாசஞ்சர் யாராவது சண்டைக்கு வந்தாங்களா?”

இம்தியாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“அதெப்படிங்க வருவாங்க? உள்ளே இருக்கறது வெளியே தெரியுமா?” என்றார் நாச்சிமுத்து. “வெளியே தொங்கறதுதானுங்களே பிரச்சினை.”

“அதுவும் சரிதான்.”

தமயந்தி பஸ்ஸை எடுத்து, மேசையின் இந்தக் கோடியில், நாச்சிமுத்து பக்கத்தில் வைத்தாள். அவர் அதன் பின்புறத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சின்ன ஜன்னல்கள் வழியாக, மேசையின் அந்தக் கோடி தெரிந்தது. அங்கே இம்தியாஸின் ரோபோ கையை நீட்டிக்கொண்டு நின்றது, சாலையின் நடுவே வண்டியை மறிக்கிற ஆள் மாதிரி.

“சக்கரம் உருளுதான்னு பார்ப்போம்” என்று சொல்லி, தமயந்தி பஸ்ஸை ஒரு தள்ளுத் தள்ளினாள்.

கண்ணாடி மேசை. வழவழவென்று இருக்கும். பஸ் கிளம்பியது, நேராக, வேகமாக.

“அக்கா, என்னோட ரோபோ!” என்று இம்தியாஸ் கத்தினான்.

தொம் என்று ஒரு சத்தம்.

மேசை அதிர்ந்தது. டம்ளரில் டீ தளும்பியது. தூளிக்குள் பிள்ளை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

மேசையின் அந்தக் கோடியில் ஸ்டிக்கர் வெட்டுவதற்காக ஒரு ரப்பர் விரிப்பு போட்டிருந்தது. முன்சக்கரம் அதில் ஏறியது, பஸ் நின்றுவிட்டது. ரோபோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நாலு விரல்கடைதான் இடைவெளி.

இம்தியாஸ் மூச்சு விட்டான். பஸ்ஸைப் பார்த்தான். நாச்சிமுத்துவைப் பார்த்தான். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தான்.

“அம்மாடி!” என்றான். “அங்கே பஸ், இங்கே பிரேக்.”

நாச்சிமுத்துவும் குனிந்து பார்த்தார்.

அவருடைய வலது கால் மேசைக்காலை இடித்தபடி நீண்டு, சிமெண்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கணுக்காலில் நரம்பு புடைத்திருந்தது. செருப்பில்லாத கால். விரல்கள் தரையில் வெளுத்துப்போயிருந்தன.

தமயந்தி எழுந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“வண்டியை விட்டு இறங்கி எத்தனை நாள் ஆச்சுங்கண்ணா?”

“ரெண்டு வருஷம் நாலு மாசம்.”

“பஸ் ஸ்டாண்டு நாற்காலியில உட்கார்ந்திருக்கும்போது வண்டிக்கு முன்னாடி யாராவது ஓடி வந்தா?”

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். போன வாரம் ஒரு கீரைக்காரி கூடையோடு குறுக்கே வந்தாள். அதற்கு முந்தின வாரம் பள்ளிக்கூடப் பையை இழுத்துக்கொண்டு ஒரு பெண். தினம் யாராவது. ஒவ்வொரு தடவையும் கால் என்ன செய்தது என்று அவர் பார்த்ததில்லை. விசில் வாய்க்குப் போவதற்கு முன்னாடியே கால் போயிருக்கும் என்று இப்போது தோன்றியது. வாசல் பக்கம் திரும்பினார். படிக்குக் கீழே அவருடைய செருப்புகள் கிடந்தன, ஒன்று ஓட்டையும் ஒன்று புதுசுமாக.

பிள்ளையின் அழுகை அடங்கியது.

தமயந்தி ரம்பத் தகட்டை ஒரு விரலால் தள்ளினாள். அது கண்ணாடிமேல் வழுக்கிக்கொண்டு நாச்சிமுத்துவின் கைக்கு வந்தது.

“வெட்டறதுன்னா அந்தக் காலிலிருந்து ஆரம்பிங்கண்ணா” என்றாள். “பஸ்ஸு காத்திருக்கும்.”

நாச்சிமுத்து தகட்டைத் தொடவில்லை. காலையும் இன்னும் எடுக்கவில்லை.