கேரவன் விளக்கும் கதாநாயகன் காலும்

பொள்ளாச்சிப் படப்பிடிப்பில் கதாநாயகன் ரணதீரனுடைய கேரவன் விளக்கு நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். டிரைவர் மாரப்பன் சோதிக்கப் போனால் மட்டும் சமர்த்தாக எரியும்.

“இப்பவே கண்டுபிடி. இல்லேன்னா சாவிய வச்சுட்டு கெளம்பு” என்று கத்தி, ரணதீரன் கேரவன் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். விளக்கு அணைந்தது. படக்குழுவே வாசலில் கூடி வேடிக்கை பார்த்தது.

மாரப்பன் அவர் காலையே பார்த்தான். “இன்னொருக்கா கோபப்படுங்க சார்.”

“என்ன திமிர்டா உனக்கு” என்று அதே இடத்தில் மறுபடி மிதித்தார். விளக்கு எரிந்தது.

மாரப்பன் அந்த இடத்துத் தரைப்பலகையைத் தூக்கினான். அடியில் ஒரு ஒயர் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி முடுக்கிவிட்டு, “இப்ப மிதிங்க” என்றான்.

ரணதீரன் மிதித்தார். விளக்கு இமைக்கக்கூட இல்லை.

“இனிமே தாராளமா கோபப்படலாமுங்க சார். வண்டி தாங்கும்.”