வளை வாசலில் நட்ட முள்

ஒரு குளக்கரையில் ஒரு நரியும் ஒரு பெருச்சாளியும் ஒரு நண்டும் இருந்தன. நரிக்கு வளை தோண்டத் தெரியாது. பேசத் தெரியும்.

பெருச்சாளியின் பெயர் பேச்சி. அது கரைமேட்டைக் குடைந்து நரிக்கு நல்ல வளை தோண்டிக் கொடுத்தது. சுவர் பூசக் களிமண் கொடுத்தது நண்டு. பேசிய கூலி ஒரு குழி நிறைய நிலக்கடலை. மழைக்காலத்தில் பேச்சியின் குட்டிகளுக்கு அதுதான் சாப்பாடு. நண்டுக்கும் அதிலிருந்துதான் பங்கு.

வேலை முடிந்தது. கடலை வரவில்லை.

"நாளைக்குத் தர்றேன் பேச்சியக்கா!" என்றது நரி. மறுநாளும் அதையேதான் சொன்னது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூலி வராவிட்டால், வேலை செய்தவரோ மண் கொடுத்தவரோ வளை வாசலில் ஓர் இலந்தை முள்ளை நடலாம். கூலி தீரும்வரை அந்த வளையை யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் வேலை முடிந்து முதல் மழை விழுவதற்குள் நட வேண்டும். விழுந்துவிட்டால் உரிமை போச்சு. அப்புறம் நட்டால் அது வெறும் முள்.

"மேகம் கறுத்துருச்சு, போய் நடு!" என்றது நண்டு.

பேச்சி முள்ளைக் கவ்விக்கொண்டு போனது. நரி பார்த்துவிட்டு உடனே அழுதது. அதற்கு நினைத்தபோதெல்லாம் அழுகை வரும்.

"அக்கா! தம்பி வாசல்ல முள் நடுவியா? நாலு பேர் பார்த்தா என் மானம் என்னாகும்?"

பேச்சிக்கு மனசு கேட்கவில்லை. முள்ளோடு திரும்பி வந்தது.

"அவன் உனக்கு எந்த வழியில தம்பி?" என்று கேட்டது நண்டு.

பேச்சி யோசித்துப் பார்த்தது. எந்த வழியிலும் இல்லை.

"கடலையும் கிழங்குமா வாங்கிக்கிட்டு அந்த வளையை முள்ளம்பன்றிக்கு விக்கப் போறான். சாயங்காலம் கைமாறுது. அப்புறம் அவனை எங்கே போய்த் தேடுவே? நீ நடலைன்னா நான் நடுறேன். சுவர்ல இருக்கிறது என் மண்ணு!"

நண்டு முள்ளைப் பிடித்து இழுத்தது. நண்டாச்சே, பக்கவாட்டில்தான் போனது. வளை நேர் எதிரே இருந்தது.

"குடு இங்கே!" என்று பேச்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. வாசலில் குழி பறித்து, நட்டு, மண்ணை மிதித்து இறுக்கியது. நிமிர்ந்தபோது மூக்கில் ஒரு துளி விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் முள்ளம்பன்றி நனைந்துகொண்டே வந்தது. வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"உடம்பெல்லாம் முள்ளை வச்சுக்கிட்டு ஒரு முள்ளுக்கா பயப்படுறே?" என்றது நரி.

"என் முள் யார் கடனையும் சொல்லாது. இது சொல்லுதே!"

"அது மழைக்கு அப்புறம் நட்டது! செல்லாது!"

முள்ளம்பன்றி முள்ளின் அடியை நோண்டிப் பார்த்தது. மிதித்து இறுக்கிய மண் உள்ளே காய்ந்த புழுதியாக இருந்தது.

"செல்லும்!" என்றது.

வளைக்கு விலையாக நரிக்குத் தர வேண்டிய ஒரு குழி கடலையை முள்ளம்பன்றி அப்படியே பேச்சியிடம் கொடுத்தது. பேச்சி நண்டின் பங்கைப் பிரித்து வைத்தது. பிறகு முள்ளைப் பிடுங்கிப் போட்டது. நரிக்குக் கிழங்குதான் மிஞ்சியது.

"உன்னை அக்கான்னு கூப்பிட்டேனே!" என்றது நரி.

"இப்பவும் கூப்பிடு தம்பி, முள்ளைத்தான் எடுத்தாச்சே!" என்றது பேச்சி.

செய்த வேலைக்குக் கூலி கைக்கு வர வேண்டுமானால், வேலை கொடுத்தவன் பேச்சை நம்பி உட்காராமல், நேரம் தவறுமுன் அந்த வேலையின் மேலேயே நம் உரிமையை நட்டுவிட வேண்டும்.