சுண்டல் எந்தத் திணை

பொரிச்சாமிக்குக் கோவமே வராதுன்னு இப்பவும் சில பேர் சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க. கொள்ளிடத்துல வெள்ளம் வந்த அன்னிக்கு அவங்க யாரும் அந்தப் பள்ளிக்கூடத்துல இல்லை. நான் இருந்தேன். கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்தேன்.

அவரு மடத்தைப் பெருசா நினைச்சுக்காதீங்க. படுகையில, ஆத்துக்கும் கரைக்கும் நடுவுல கெடக்கிற மேட்டுல, நாலு தூணு, மேல ஓடு. அவ்வளவுதான். யாரு போனாலும் ஒரு கை பொரி குடுப்பாரு. கலெக்டர் வந்தாலும் ஒரு கை, காக்கா வந்தாலும் ஒரு கை. அதனால பொரிச்சாமி. சொந்தப் பேரு என்னன்னு கேட்டா அதுக்கும் பொரிதான் குடுப்பாரு.

அங்க ஒரு பொட்டை நாய் இருந்துச்சு. சாம்பல் நிறம். பிரதோசத்துக்குப் பிரதோசம் சுண்டல் குடுக்கிற நேரத்துக்கு எங்கேயிருந்தோ வந்து வரிசையில நிக்கும். நெசமாத்தான், வரிசையில. முண்டாது, குலைக்காது, முறை வர்ற வரைக்கும் நிக்கும். எங்க ஊரு ஆம்பளைங்களுக்கு அந்தப் புத்தி இன்னும் வரலை. அதுக்கே சுண்டல்னு பேரு வச்சு சாமி தன்னோட வச்சுக்கிட்டாரு. ஒரு நாளும் கட்டினது கிடையாது. கட்டுறதுக்கு மடத்துல சங்கிலியே கிடையாது.

சீடன்னு ஒருத்தர் இருந்தாரு. சீடன்னதும் சின்னப் பையன்னு நினைச்சிடாதீங்க. சாமியை விட மூத்தவரு. தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. ஆபத்சகாயம்னு பேரு. ஆபத்துக்கு சகாயம். பேரு வச்ச புண்ணியவாளனைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.

நல்ல மனுசன்தான், இல்லைங்கலை. ஆனா வாயைத் தொறந்தா இலக்கணம். நான் ஒரு தடவை "சாமி, எலி பிடிக்கப் பொரி இருக்கா?"ன்னு கேட்டுட்டேன். "அது பொறி அம்மா, வல்லின ற. நீங்க சொன்னது தின்கிற பொரி"ன்னு அரை மணி நேரம். அதுக்குள்ள எலி எங்க வீட்டு அரிசி மூட்டையில பாதியைத் தின்னுருச்சு. சாமி மட்டும் சிரிச்சுக்கிட்டே கேட்பாரு. "வாத்தியாரே, நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க, நான் உங்களுக்குச் சொல்லித் தரேன், யாரு முன்னாடி பாஸாகுறோம்னு பார்ப்போம்"பாரு.

அன்னிக்குக் காலையில ஆட்டோவுல மைக்கு கட்டிக்கிட்டு வந்து சொன்னாங்க. மேல தண்ணி தொறந்தாச்சு, படுகையில யாரும் இருக்கக் கூடாது, எல்லாரும் கரையைத் தாண்டி பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு. மாடுங்களை அப்பவே கரை மேல ஓட்டிட்டாங்க. மத்ததைப் பத்தி மைக்குல ஒண்ணும் வரலை.

மைக்குல வராதது எதுவும் நம்ம சனத்துக்கு ஞாபகம் வராது. எங்க நாத்தனார் ஒருத்தி இருந்தா. முந்தின வெள்ளத்துல அம்மிக்கல்லைத் தூக்கிக்கிட்டு வந்தா. ஆறு வருசமா மடியில போட்டு வளர்த்த பூனையை விட்டுட்டு வந்தா. கேட்டா, "அது மரத்துல ஏறிக்கும் அண்ணி"ங்கிறா. எந்த மரத்துல? மரத்தையே ஆறு இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. முகாம்ல அம்மியைத் தலைக்கு வச்சுப் படுத்துக் கெடந்தா. அதுக்கப்புறம் நான் அவ வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்லை. சரி, அதை விடுங்க.

முதல் படகுலயே சாமி போக வேண்டியதாப் போச்சு. எந்திரிக்க முடியாம கெடந்த ஒரு கிழவியை அவருதான் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாரு. படகுல கால் வைக்கிறப்போ திரும்பி வாத்தியாரைப் பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு.

"யாரையும் விட்டுட்டு வராதீங்க வாத்தியாரே."

"சரிங்க சாமி."

படகு ஓட்டினவரு நாகூரான், கடல்ல மீன் பிடிக்கிறவரு, உதவிக்குன்னு வந்தவரு. பிறகு நடந்ததையெல்லாம் அவருதான் எங்ககிட்ட சொன்னாரு.

கடைசிப் படகுல வாத்தியார் ஏறினாராம். சுண்டலும் ஏறப் போச்சாம். கூட வந்த மேற்பார்வை ஆளு, "நாயெல்லாம் ஏத்தாதே, மனுசனுக்கே இடம் இல்லை"ன்னாராம். சரின்னு படகை எடுத்துட்டாங்க. அது பின்னாடியே தண்ணியில குதிச்சு நீந்திக்கிட்டு வந்திருக்கு. படகுல இருந்தவங்க எல்லாம் உச்சுக் கொட்டியிருக்காங்க. உச்சுக் கொட்டுறதுக்கு என்ன செலவு? "பாவம், முங்கிரும், கட்டிப் போட்டுட்டு வாங்க"ன்னு ஆளாளுக்குப் புத்தி சொல்லியிருக்காங்க. படகைத் திருப்பி, வாத்தியார் இறங்கி, மாடு கட்டுற தாம்புக்கயித்தை எடுத்து, சுண்டலைத் தூணோட கட்டிட்டு வந்தாராம். கழுத்தை நீட்டிக் குடுத்துச்சாம் அது. கட்டுறதுன்னா என்னன்னு அதுக்குத் தெரிஞ்சாத்தானே.

பள்ளிக்கூடத்துல சாமி புள்ளைங்களுக்குப் படியில பொரி அளந்து போட்டுக்கிட்டு இருந்தாரு. வாத்தியார் நனைஞ்ச வேட்டியோட உள்ள வந்தாரு.

"எல்லாரும் வந்தாச்சா வாத்தியாரே?"

"வந்தாச்சு சாமி. ஒருத்தர் பாக்கி இல்லை."

"சுண்டல் எங்கே?"

"மடத்துலதான் இருக்கு. பத்திரமா கட்டிட்டு வந்திருக்கேன்."

சாமி படியைக் கீழ வச்சாரு.

"எதுக்குக் கட்டினீங்க?"

"படகுக்குப் பின்னாடியே நீந்தி வந்துச்சு சாமி. அதோட நன்மைக்குத்தான் கட்டினேன்."

"நான் உங்ககிட்ட என்ன சொல்லிட்டு வந்தேன்?"

"யாரையும் விட்டுட்டு வராதீங்கன்னீங்க."

"அப்புறம்?"

வாத்தியார் கொஞ்சம் தயங்கினாரு. ஆனா அவரு வாயி சும்மா இருக்காதே.

"யாரையும்னுதான் சொன்னீங்க சாமி. எதையும்னு சொல்லலை. யார்ங்கிறது உயர்திணைக்கு வர்ற சொல்லு. நாய் அஃறிணை. நீங்க சொன்னதுக்குள்ள அது வரலை. எனக்கும் மனசு கேட்கலைதான், இருந்தாலும் நான் சொல்லு மீறலை."

எனக்கு உச்சியில ஏறுச்சு. கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு நான் எப்படிச் சும்மா நின்னேன்னு இப்பவும் தெரியலை.

சாமி குரலை ஒசத்தலை. கதவுகிட்ட ஈரத்தைப் பிழிஞ்சுக்கிட்டு நின்ன நாகூரானைக் கேட்டாரு.

"படகுல இடமே இல்லையாப்பா?"

நாகூரான் வாத்தியாரைப் பார்த்தாரு, தரையைப் பார்த்தாரு.

"வாத்தியாரோட புத்தகப் பெட்டி வந்துச்சு சாமி. தகரப் பெட்டி. ரெண்டு ஆளு புடிச்சு ஏத்தினோம்."

"ஓகோ. வாத்தியாரே, பெட்டி எந்தத் திணை?"



"அஃறிணை சாமி."

"அது வந்துருச்சே."

"புத்தகம் சரஸ்வதி சாமி. தண்ணியில விடலாமா?"

சாமி முகத்தை அப்பத்தான் பார்த்தேன். பொரி வாங்கிக்கிட்டு இருந்த புள்ளைங்க எல்லாம் பின்னால நகர்ந்துருச்சுங்க. மூலையில தார்ப்பாய் கட்டின கயிறு ஒண்ணு கெடந்துச்சு. அதை எடுத்து வாத்தியார் காலடியில போட்டாரு.

"சுண்டலை எப்படிக் கட்டினீங்கன்னு காட்டுங்க."

"எதுல காட்டுறது சாமி?"

"உங்க கால்ல. ஜன்னல் கம்பி இருக்குல்ல, அதுதான் தூணு."

வாத்தியார் சுத்திலும் பார்த்தாரு. உட்கார்ந்து, கணுக்கால்ல ஒரு சுத்து சுத்தி, முடிச்சுப் போட்டு, மறுமுனையைக் கம்பியில கட்டினாரு.

"இவ்வளவு லூசாவா கட்டினீங்க?"

"இல்லை சாமி. இறுக்கித்தான் கட்டினேன். இல்லைன்னா உருவிக்கிட்டு வந்துடும்."

"அப்ப இறுக்குங்க."

இறுக்கினாரு. காலு செவந்துச்சு.

"எதுக்கு சாமி இது?"

"உங்க நன்மைக்குத்தான்."

"சாமி, நான் நினைச்சா அவுத்துக்கலாமே."

"தாராளமா. உங்களுக்குக் கை இருக்கு."

சாமி நாகூரான் பக்கம் திரும்பினாரு. "வாப்பா, போயிட்டு வந்துருவோம்"னாரு. நாகூரானுக்குத் தயக்கந்தான், தண்ணி அந்த நேரத்துல சுழிச்சுக்கிட்டு ஓடுது. மேற்பார்வை ஆளு, "ஒரு நாய்க்காக ரெண்டு உசுரைப் பணயம் வைக்கிறதா?"ன்னு குறுக்க வந்தாரு. சாமி அவரை ஒரு பார்வை பார்த்தாரு. அந்த ஆளு தானா வழி விட்டாரு.

"அப்ப வாத்தியாரு?"ன்னாரு நாகூரான்.

"இது இங்கேயே கெடக்கட்டும்."

இதுன்னாரு. இவருன்னு சொல்லலை. வாத்தியார் காதுல அது விழுந்துச்சு. வேற யாராவது சொல்லியிருந்தா திருத்தியிருப்பாரு.

சாமி போனப்புறம் நாலு பேரு வந்தாங்க. "அவுத்துக்கங்க வாத்தியாரே, சாமி ஏதோ கோவத்துல"ன்னாங்க. வாத்தியார் அவுக்கலை. அவுக்கவும் விடலை. மேற்பார்வை ஆளு வந்து, "படிச்சவரு நீங்க, இதெல்லாம் என்ன கூத்து?"ன்னாரு. வாத்தியார் ஜன்னல் வழியா வெளிய பார்த்துக்கிட்டே இருந்தாரு. அங்கேயிருந்து ஆறு தெரியாது, கரைதான் தெரியும்.

கரையில இருந்து வர்றவங்க சேதி சொல்லிக்கிட்டே வந்தாங்க. மடத்துப் படி முங்கிருச்சுன்னாங்க. அப்புறம் வந்தவங்க, மடத்துத் தரை முங்கிருச்சுன்னாங்க.

வாத்தியார் என்னைக் கூப்பிட்டாரு.

"அம்மா, தாம்புக்கயிறு நனைஞ்சா இளகுமா, இறுகுமா?"

"இறுகும்."

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரலை. எங்க வீட்டுல ஒரு கன்னுக்குட்டி மழையில நனைஞ்ச முடிச்சோட கெடந்து திணறி, எங்க மாமனார் அருவாளை எடுத்துக்கிட்டு ஓடினதை நான் கண்ணால பார்த்திருக்கேன். அதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்கட்டுமே. கன்னுக்குட்டி பொழைச்சுதான்னு கேட்டாரு. அதை மட்டும் நான் சொல்லலை.

அதுக்கப்புறம் அவரு கால்ல இருந்த முடிச்சையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டாரு. கஞ்சி கொண்டு போனேன், வேண்டாம்னு தலையாட்டினாரு.

பொழுது சாயிற நேரத்துக்கு வாசல்ல சத்தம் கேட்டுச்சு. முதல்ல நாகூரான் வந்தாரு. பின்னாடியே சாமி, தோள்ல சுண்டலைப் போட்டுக்கிட்டு, காலையில கிழவியைத் தூக்கிக்கிட்டு வந்தாரே, அதே மாதிரி.

நாகூரான் என்கிட்ட மெதுவாச் சொன்னாரு. தண்ணி அது தாடை வரைக்கும் வந்துருச்சாம். பின்னங்காலை ஊனி, முன்னங்காலைத் தூண்ல வச்சு நிமிர்ந்து நின்னுக்கிட்டு இருந்துச்சாம். அதுக்கு மேல ஏற விடலை கயிறு. முடிச்சு இறுகி அவுக்கவே முடியலையாம். வலை அறுக்கிற கத்தியாலதான் அறுத்தாங்களாம். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா எங்களுக்குக் கயிறுதான் மிஞ்சியிருக்கும் ஆத்தா"ன்னாரு. கட்டாம விட்டிருந்தா நாலெட்டுல தென்னந்தோப்பு மேட்டுக்கு அதுவே போயிருக்கும், அங்க ரெண்டு நாயும் ஒரு கீரியும் சேர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம்னாரு.

சாமி அதைக் கீழ இறக்கி விட்டாரு. கழுத்தைச் சுத்தி முடியெல்லாம் உரிஞ்சு தோலு செவப்பா இருந்துச்சு. நடுங்கிக்கிட்டே நின்னு ஒரு தடவை சுத்திப் பார்த்துச்சு. அத்தனை பேரு இருந்தோம். நேரா வாத்தியார்கிட்டதான் போச்சு. ஒடம்பை உதறி அவரு மேல தண்ணியெல்லாம் தெறிச்சுட்டு, கட்டியிருந்த காலுக்குப் பக்கத்துலயே சுருண்டு படுத்துக்கிச்சு.

ரெண்டு கடி கடிச்சிருந்தா எனக்கு ஆறியிருக்கும். அதுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியலை.

வாத்தியார் வாயைத் தொறந்தாரு. தொறந்தபடியே இருந்தாரு. தமிழ்ல ஒரு சொல்லு வரலை அவருக்கு.

சாமி முகத்தைத் துடைச்சுக்கிட்டு என் பக்கம் வந்தாரு. கோவம் இன்னும் எறங்கலைன்னு குரல்லயே தெரிஞ்சுது.

"ஆத்தா, மூணு பேருக்குக் கஞ்சி ஊத்து."

"யாராரு சாமி?"

"நாகூரானுக்கு, எனக்கு, சுண்டலுக்கு. அவளுக்கு நிறைய ஊத்து."

"அப்ப வாத்தியாருக்கு?"

சாமி திரும்பி ஜன்னலோரம் பார்த்தாரு.

"அதுக்கும் ஒரு தட்டுல வையி. பாவம், வாயில்லா ஜீவன்."