லார்கியன் வீட்டு மயில்கள்

முன்னொரு காலத்தில், நம் கடற்கரை மிளகு மூட்டை மூட்டையாகப் போய் இறங்கிய ரோமாபுரியில், பிரிஸ்கா என்றொரு கூத்துக்காரி இருந்தாள். யாரையும் ஒருமுறை பார்த்தால் போதும், அவர் நடை, பேச்சு, இருமல் எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டிவிடுவாள். அவள் அரங்கில் ஏறினால் கடைசிப் படியில் இருப்பவர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அவள் கணவன் நிக்கான், தேரோட்டி. பந்தயத்தில் ஜெயித்த அன்று லார்கியன் என்ற பெரும் பணக்காரன் அவனை விருந்துக்கு அழைத்தான். போனவன் திரும்பவில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு அப்போதே கிளம்பிவிட்டாரே என்றான் வாசல்காவலன்.

பிரிஸ்கா அழுதுகொண்டு உட்காரவில்லை. விருந்தில் ஆடிப்பாட ஆள் வேண்டுமா என்று கேட்டு அதே வீட்டுக்குள் நுழைந்தாள். தோட்டம் நிறைய மயில்கள். ஒன்று மட்டும் ஓடிவந்து அவள் அங்கியைக் கொத்தி இழுத்தது. பேசியபோது நிக்கானின் குரல்.

லார்கியன் மந்திரவாதியாம். அவன் மேசையில் தட்டு காலியே ஆகாதாம். தின்ன முடியாமல் ‘போதும்’ என்று சொல்கிறவர் அந்த நொடியே மயிலாகிவிடுவாராம். அந்தச் சொல் லார்கியன் வாயிலிருந்து வந்தால் மாயம் உடைந்து அவன்மேலேயே விழுமாம். ஆனால் அவனுக்குப் போதும் என்று தோன்றியதே கிடையாதாம்.

“இன்றைய விருந்துக்குச் சமையல்காரன் என்னைத்தான் பிடிக்கப்போகிறான்” என்றது மயில்.

“அவன் அடுப்பு மூட்டட்டும். அதற்குள் இவனைச் சொல்ல வைக்கிறேன்” என்றாள் பிரிஸ்கா.

பிற்பகலிலேயே விருந்து தொடங்கியது. மூன்று பக்கமும் மஞ்சங்கள். விருந்தாளிகள் இடது கையை ஊன்றிச் சாய்ந்தபடி தின்றார்கள். பிரிஸ்கா தேன் கலந்த மதுவை லார்கியனின் கிண்ணம் வழிய வழிய ஊற்றினாள். “இன்னும்” என்றான். அவன் புகழைப் பாட்டாய்ப் பாடினாள். “இன்னும்” என்றான். அதற்குள் சமையல்காரன் நிக்கானின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்தான்.

அதைப் பார்த்தும் பிரிஸ்கா நிதானமாக ஒரு தலையணையை அங்கிக்குள் திணித்தாள். வெற்று மஞ்சத்தில் சாய்ந்தாள். இல்லாத இறைச்சியை வாயில் அடைத்து, விரலை நக்கி, பக்கத்துத் தட்டை ஓரக்கண்ணால் பார்த்து, மூக்கால் சொன்னாள்: “இன்னும்.”

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். லார்கியனும் சிரித்தான், வேறு யாரையோ செய்து காட்டுகிறாள் என்று நினைத்து. அவள் மறுபடி “இன்னும்” என்றாள். இப்போது எல்லாக் கண்களும் அவன் பக்கம் திரும்பின. தன் எச்சில் விரல்களை அவனே பார்த்தான். முகம் சிவந்தது.

“போதும், நிறுத்து” என்றான்.

தட்டுகள் காலியாயின. தோட்டத்தில் தோகைகள் உதிர, மனிதர்கள் எழுந்து நின்றார்கள். சமையலறையில் ஓங்கிய கத்தியோடு நின்ற சமையல்காரனின் பிடியில் ஓர் ஆஜானுபாகுவான தேரோட்டியின் கழுத்து இருந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடியே போனான். லார்கியன் சாய்ந்திருந்த மஞ்சத்தில் ஒரு கிழட்டு மயில் அகவியது. அதை யாரும் அடிக்கவில்லை. தோட்டத்திலேயே தானியம் பொறுக்கிப் பிழைத்துக்கொண்டது.

மீண்டவர்கள் கூடிப் பேசி, அந்த வீட்டைப் பிரிஸ்காவுக்கே கொடுத்தார்கள். அவள் சுவரை இடித்து அங்கே ஓர் அரங்கு கட்டினாள். திருவிழா நாளில் யார் வேண்டுமானாலும் வரலாம், உட்காரலாம், சிரிக்கலாம். முதல் நாள் கூட்டத்தில் நிக்கானுக்கே இடம் கிடைக்கவில்லை. நின்றபடியே பார்த்தான், விடியும்வரை சிரித்தான். அவர்கள் அங்கே சிரித்த சிரிப்பில் ஒரு பங்கு, கதை கேட்ட உங்களுக்கும் ஆகட்டும்.