கழுவாத குடுவை

சுடலைமுத்து கல்லூரியில் வேதியியல் நடத்துபவர். வயது ஐம்பத்தொன்று. ஆராய்ச்சிப் பட்டம் வாங்க நாலு வருட விடுப்பு போட்டு, பேராசிரியை எஸ்தரிடம் வந்து சேர்ந்தார். வரும் திங்களோடு விடுப்பு முடிகிறது. காட்டிக்கொள்ள ஒரு முடிவும் கையில் இல்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போவதாகச் சொல்லத்தான் ஆய்வகத்தில் வந்து நின்றார்.

எஸ்தர் முப்பத்தெட்டு வருடமாக ஃப்ரீ ராடிக்கல்களை ஆராய்பவர். துணையில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு தவிக்கும் மூலக்கூறுகள் அவை. எதிரே கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு அந்தக் கணமே காணாமல் போகும்.

"நிக்காம ஓடுறதோட எப்படி மேடம் இத்தனை வருஷம் காலந்தள்ளினீங்க?"

எஸ்தர் மேசைப் பக்கம் திரும்பினார். மேசையில் சுடலைமுத்துவின் கடைசிக் குடுவை இருந்தது. உள்ளே மஞ்சள் கரைசல். அந்த மஞ்சள்தான் ராடிக்கல். காற்றுப் பட்டால் போச்சு.

எஸ்தர் மூடியைத் திறந்தார்.

"ஐயோ மேடம், காத்து!"

திரும்ப மூடி, நன்றாகக் குலுக்கினார். மஞ்சள் மறைந்து கரைசல் வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. பழக்கதோஷம், சுடலைமுத்துவின் கை தானாகக் குடுவையை வாங்கியது, கால் குழாய்ப் பக்கம் நடந்தது.

"எங்க போறீங்க?"

"கழுவத்தான். நிறம் போனா உடனே கழுவிடுவேன். நீங்க வந்து பார்த்தா அசிங்கம்னு."

"வச்சிட்டு உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் இருக்கும். கரைசலில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஏறியது. யாரும் தொடவில்லை, எதையும் சேர்க்கவில்லை. முழுக் குடுவையும் மஞ்சளாகி நின்றது.

அவருக்கு மெய்சிலிர்த்தது. ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து நிறமில்லாமல் கிடந்த ராடிக்கல்கள் பிரிந்து, காற்றோடு போனவற்றின் இடத்துக்கு வருகின்றன. இருபது வருடமாகக் கரும்பலகையில் அவரே எழுதிப் போட்ட விஷயம். கண்ணால் பார்த்ததில்லை.

எஸ்தர் மறுபடி திறந்து குலுக்கினார். போனது. காத்திருந்தார்கள். வந்தது.

"நாலு வருஷமா எல்லாத்தையும் கழுவித் தொலைச்சிட்டேனே மேடம்!"

"நான் பதினோரு வருஷம் கழுவினேன் சார்."

சுடலைமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"ஒருநாள் குழாயில தண்ணி வரல."