ஓஹைம் வாசலில் நின்ற நாள்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. சொற்களுக்கோ ரோஷம் இருந்தது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினால் ஒரு சொல் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விடும். பிறகு என்ன கெஞ்சினாலும் நாக்குக்கு வராது.

ஜெர்மன்காரர்களின் நாட்டில் கருங்காடு என்று ஒரு பெரிய காடு இருக்கிறது. அதை ஒட்டிய ஊர்களில் அப்போது உறவுமுறை நம் ஊரைப் போலவே கறாராக இருந்தது. அம்மாவின் அண்ணன் தம்பி ஓஹைம், அப்பாவின் அண்ணன் தம்பி ஃபெட்டர். அம்மாவின் அக்கா தங்கை மூமெ, அப்பாவின் அக்கா தங்கை பாஸெ. ஒருவரை இன்னொருவரின் முறையில் கூப்பிட்டுவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும், பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போகவும் அங்கேயும் ஆட்கள் இருந்தார்கள்.

லீஸ்பெத்துக்கு அத்தனை உறவுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓஹைம்தான் மிச்சம். அவர் பெயர் வெண்டெலின். தாயும் தகப்பனும் காய்ச்சலில் போனபோது, அக்காள் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனவர் அவர். அவருக்குக் கரிமூட்டம் போடுவது தொழில். விறகைக் கூம்பாக அடுக்கி, மண்ணும் பாசியும் வைத்து மூடி, உள்ளே தீயை மூச்சுத் திணற வைத்துக் கரியாக்க வேண்டும். எங்காவது ஒரு விரிசல் விட்டு நெருப்பு வெளியே எட்டிப் பார்த்தால் மொத்தமும் சாம்பல். அதனால் மூட்டத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கோழித் தூக்கம் தூங்குவார். தனக்கென்று கல்யாணம் காட்சி எதையும் அவர் பார்த்துக்கொள்ளவில்லை. மூட்டத்தையும் லீஸ்பெத்தையும் பார்த்துக்கொள்வதற்கே நேரம் சரியாக இருந்தது.

அவர் குடிசையின் புகைக்கூண்டில் ஒரு சின்னக் குருவி குடியிருந்தது. அலகிலிருந்து வால் நுனிவரை அப்போது அது முழுக் கறுப்பு. வாய் ஓயாத குருவி. யார் வந்தாலும் முதலில் அதுதான், “யார் வந்தது?” என்று விசாரிக்கும்.

லீஸ்பெத் வளர்ந்த பிறகு, நகரத்துச் சந்தைக்குக் கரி விற்கப் போன இடத்தில் ஜவுளி வியாபாரியின் மகன் யோஸ்ட் அவளைப் பார்த்தான். நல்ல பையன். பிடிவாதமாக அவளையே கட்டிக்கொள்வேன் என்றான். அவன் தாய் காதரீனா அம்மாளுக்கு இதில் அரை மனது. அந்த வீட்டில் எல்லாம் பிரெஞ்சுக்காரர்களின் மோஸ்தர்தான். சரிகையும் பவுடரும் அங்கிருந்து வந்தன, கூடவே சில சொற்களும் வந்தன. அவற்றில் ஒன்று ஒங்கெல். அடுக்குமாடி லிஃப்டில் உடன் வருகிறவரை எல்லாம் நாம் அங்கிள் என்று கூப்பிடுகிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். தாய் வழியா, தகப்பன் வழியா, எதிர் வீடா என்று அது கேட்பதே இல்லை. நல்ல சட்டை போட்ட யார் மேலும் உட்காரும்.

அந்த ஊர்ப்பக்கம் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் தாய்வீட்டு அடுப்பிலிருந்து ஓஹைம் ஒரு சட்டியில் தணல் எடுத்து வருவார். புது வீட்டு வாசலில் நிற்பார். பெண் உள்ளேயிருந்து தெருவுக்கே கேட்கும்படி, “என் ஓஹைம் வந்திருக்கிறார்” என்று முறை சொல்லி அழைக்க வேண்டும். அழைத்த பிறகுதான் அவர் படியேறி, அந்தத் தணலால் புது அடுப்பை மூட்டுவார். அவர் மூட்டிய அடுப்பில்தான் முதல் சமையல். முறை சொல்லி அழைக்காவிட்டால் அவருக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் கிடையாது, வந்தவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாளெல்லாம் வெண்டெலின் ஓடையில் உட்கார்ந்து மணலும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்தார். தோல்தான் உரிந்தது, ரேகைகளுக்குள் போன கரி போகவில்லை. குருவி பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, இவ்வளவு தேய்த்தால் கல்யாணத்துக்குக் கை இருக்காது என்று கேலி செய்தது. “அவளுக்குத் தலைகுனிவு வரக் கூடாது,” என்றார் அவர். அவளே அப்படி நினைப்பாள் என்பது அவர் கணக்கிலேயே இல்லை.

மறுநாள் லீஸ்பெத் யோஸ்ட்டின் வீட்டுக் கூடத்தில் பட்டுடுத்தி நின்றாள். சுற்றிலும் விசிறியும் வாசனையுமாக மனிதர்கள். வாசலில் வெண்டெலின் வந்து நின்றார். இரவல் வாங்கிய கோட்டு, தோளில் குருவி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த தணல் சட்டி. சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தார், அழைப்புக்காகக் காத்திருந்தார். உள்ளேயிருந்தவர்கள் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். ஒரு சீமாட்டி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டாள். யாரோ களுக்கென்று சிரித்ததும் லீஸ்பெத்துக்குக் காது மடல்வரை சூடேறியது. அந்தக் கைகள் ஊட்டித்தான் அவள் வளர்ந்தாள். அன்றைக்கு மட்டும் அவை அவளுக்கு ஊரார் கண்ணால் தெரிந்தன.

காதரீனா அம்மாள் மெதுவாகக் கேட்டாள். “யாரம்மா அது?”

“ஒங்கெல்,” என்றாள் லீஸ்பெத். “வாருங்கள் ஒங்கெல், உட்காருங்கள்.”

வெண்டெலின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை வாசற்படிக்கு வெளியே இறக்கி வைத்தார். “வேலை கிடக்கிறது அம்மணி, மூட்டத்தைத் தனியே விட்டு வந்திருக்கிறேன்,” என்று சொல்லி வணங்கினார். லீஸ், குட்டி என்று மட்டுமே கூப்பிட்டவர் அவளை அம்மணி என்றது அதுதான் முதல் தடவை. திரும்பி நடந்தார்.

பின்னாலேயே ஓடியிருக்கலாம். கூப்பிட்டிருக்கலாம். லீஸ்பெத் கால் நகராமல் நின்றாள், நின்றதோடு விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். வேலைக்காரி சட்டியைத் தூக்கித் தெருவில் கொட்டினாள். தணல் ஒவ்வொன்றாக ஈரத்தில் அவிந்தது. கடைசித் தணல் அவியப்போன சமயம் குருவி பறந்து வந்து வாலால் அதை மூடிக்கொண்டது. வால் பற்றிச் சிவந்தது. வலியில் துடிதுடித்தபடி அது கூரைமேல் போய் உட்கார்ந்தது.

புது அடுப்பைச் சிக்கிமுக்கிக் கல்லால் மூட்டினார்கள். நன்றாகத்தான் எரிந்தது. சோறு குழையவில்லை, வீடு இடியவில்லை, ஒரு பாத்திரம்கூட உடையவில்லை. ஏதாவது ஒன்று கெட்டுப் போயிருந்தால் லீஸ்பெத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாம் ஒழுங்காக நடக்க நடக்க அவள்தான் உள்ளுக்குள் கூசிப்போனாள்.

குருவி காட்டுக்குத் திரும்பவில்லை. விடிந்ததும் கூரையிலிருந்து கேட்கும், “அன்று யார் வந்தது?” அவள் ஜன்னலைச் சாத்துவாள். மாமியாருக்கு முன்னால் கேட்டுவிடுமோ என்று பயந்தாள். மாமியார் என்ன, கேட்டால் சிரித்துவிட்டுப் போவாள். தனக்குத் தானே பதில் சொல்வதற்குத்தான் அவளுக்கு முகம் இல்லை. காட்டுக்குப் போக நினைத்த போதெல்லாம் ஒரு சாக்கு கிடைத்தது. முதலில் பனி, பிறகு பிள்ளைப்பேறு, பிறகு பிள்ளைக்குப் பல் முளைத்தது. வெட்கத்துக்குச் சாக்குக் கண்டுபிடிக்கச் சொல்லித் தர வேண்டுமா?

மகள் பேச ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்க்கப் பயந்தாள். நேரில் சொல்லிக் காலில் விழ வேண்டும் என்று வைத்திருந்தாள்.

வெண்டெலின் மூட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நன்றாகக் கிழடு தட்டியிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து, கையை அவசரமாகப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதைப் பார்த்து லீஸ்பெத்துக்கு அழுகை முட்டியது. மறைக்கச் சொல்லிக் கொடுத்தது அவள்தானே.

குழந்தை அவரை அண்ணாந்து பார்த்து, “அம்மா, இவர் யார்?” என்றது.

லீஸ்பெத் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. தொண்டைவரை தேடினாள், சின்ன வயதில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கூப்பிட்ட சொல், அது இருந்த இடம் மட்டும் இருந்தது. மறுபடி முயன்றாள். காற்றுதான் வந்தது. குழந்தை அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து இன்னொரு தடவை கேட்டது.

வெண்டெலின் அவள் தவிப்பைப் பார்த்தார். அதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குனிந்து குழந்தையிடம், “ஒங்கெல், குட்டி. நான் ஒரு ஒங்கெல்,” என்றார்.

 அவர் திட்டியிருந்தால் லீஸ்பெத் தாங்கியிருப்பாள். அவள் மானத்தைக் காப்பாற்ற அவரே அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டார். அவர் அழைத்து உட்காரவைத்து, மூட்டத்து ஓரச் சூட்டில் ரொட்டி வாட்டிக் கொடுத்தார். குழந்தை அந்தக் கரிக் கைகளிலிருந்து வாங்கித் தின்றது, ஒங்கெல் ஒங்கெல் என்று கூப்பிட்டுக்கொண்டு மடியில் ஏறியது. லீஸ்பெத் கடைசிவரை அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஓஹைம் என்ற சொல் போன வழியே மூமெயும் பாஸெயும் மெல்லப் புறப்பட்டுவிட்டன. உறவுக்காரர்கள் ஆயிற்றே, ஒருவரை அவமதித்த வீட்டில் மற்றவர்கள் கை நனைப்பார்களா? ஃபெட்டர் மட்டும் போக மனமில்லாமல், பெரியவர்களை விட்டுவிட்டு அவர்கள் பிள்ளைகளிடம் போய் ஒண்டிக்கொண்டது. இன்றைக்கு அங்கே மாமன் மகனும் சித்தப்பா மகனும் ஃபெட்டர்தான்.

அன்று முதல்தான் அந்த நாட்டில் தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் எதிர் வீட்டுக்காரருக்கும் ஒங்கெல் என்று ஒரே பெயர் ஆயிற்று. அன்று முதல்தான் அந்தக் கறுப்புக் குருவியும் தணல் நிற வாலை ஓயாமல் நடுக்கிக்கொண்டு, வீட்டுக் கூரைகளில் உட்கார்ந்து, விடிந்தும் விடியாமல் யார் வந்தது, யார் வந்தது என்று கேட்கிறது. உள்ளே இருப்பவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள்.